ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே

பள்ளியின் புது ஆய்வகச் சுவரில் தனிம அட்டவணையை எழுதி முடித்த பெயிண்டர் இசக்கிக்கு முதல் வரிசை மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. இடது ஓரத்தில் ஹைட்ரஜன், வலது ஓரத்தில் ஹீலியம், நடுவே ஆள் நீட்டிப் படுக்கிற அளவுக்கு வெறும் சுவர். உபயதாரர் பெயரை அங்கே எழுதிவிடலாம் என்று ஏணியில் ஏறியவனை ரெஜினா டீச்சர் பாதியிலேயே இறக்கிவிட்டார். அந்த இடம் காலியாகத்தான் இருக்க வேண்டுமாம்.

மாலையில் உபயதாரர்கள் பார்க்க வந்தார்கள். அண்ணன் தம்பி. அம்மா நினைவாக ஆய்வகத்தைச் சேர்ந்து கட்டிக் கொடுத்ததுதான், ஆனால் ஒன்பது வருஷமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அண்ணன் சங்கரபாண்டியன் ஹைட்ரஜன் பக்கம் நின்றார், தம்பி உலகநாதன் ஹீலியம் பக்கம்.

"ஏம்ப்பா, நடுவுல இவ்வளவு எடம் சும்மா கெடக்கு?" என்றார் அண்ணன்.

டீச்சர் சொன்னதை இசக்கி தனக்குப் புரிந்த மட்டில் சொன்னான். "ஒண்ணும் ரெண்டும் அடுத்தடுத்த நம்பர்தான் அண்ணாச்சி. கீழ குடும்பம் குடும்பமா வந்து நிக்கவும், ஆளுக்கொரு குடும்பத்துக்கு மேல போய் உக்கார வேண்டியதாப் போச்சு. நடுவுல வேற யாரும் கெடையாது."

சங்கரபாண்டியன் அந்த வெற்றுச் சுவரையே வெகுநேரம் பார்த்தார்.

"அப்பம் பேர எங்கதான் எழுதணும்?" தம்பி இசக்கியிடம்தான் கேட்டார்.

"அங்கேயே எழுதட்டும்லே. அம்மா பேரு மட்டும் போதும்." பதில் அண்ணனிடமிருந்து வந்தது.

இசக்கி பிரஷ்ஷோடு, ஜன்னலோரம் நின்ற டீச்சரைத் திரும்பிப் பார்த்தான். அவர் ஏற்கெனவே சாத்தியிருந்த ஜன்னலை மறுபடியும் சாத்திக்கொண்டிருந்தார்.