பாடகி போடும் செருப்பு

"பேரை எடுத்துடறேன். படம் மட்டும் இருக்கட்டும் மேடம்."

"முடியாது."

"சரி, படமும் வேண்டாம். 'ஒரு பெரிய பாடகி'ன்னு மொட்டையா போட்டுக்கறேன்."

"இது என்ன காய்கறிக் கடையா, பேரம் பேச?" என்றார் பாடகியின் வக்கீலம்மா.

செருப்புக்காரருக்குச் சுருக்கென்றது. சந்தை ஓரத்தில் சாக்கு விரித்து ஆரம்பித்தவர். பேரம் பேசாமல் வாழ்க்கையில் அவருக்கு ஒன்றும் கிடைத்ததில்லை.

குதிகால் வலிக்கென்று மெத்தென்ற செருப்பு தைத்து இணையத்தில் விற்றார். ஆறு மாதம் ஒரு ஈ, காக்காகூட எட்டிப் பார்க்கவில்லை. ஒரு பிரபல பாடகியின் படத்தைப் போட்டு, பேரையும் போட்டு, 'இவர் போடும் செருப்பு' என்று எழுதினார். ஆர்டர் குவிந்தது. பின்னாலேயே நோட்டீசும் வந்தது. பத்து நாளில் நீக்காவிட்டால் வழக்கு. இணையத்தில் அவர் கடைப் பக்கமே முடங்கும்.

"தைக்கிற பொம்பளைங்க ஏழு பேரு மேடம். கடையை மூடினா அவங்க எங்க போவாங்க? நான் சொன்னதால பாடகியம்மா பேரு தேஞ்சா போச்சு?"

"அது அவங்க பேரு. ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"எங்க போய்க் கேக்கறது? நம்மளை எல்லாம் மதிச்சுப் பேசுவாங்களா?"

"நான் அன்னிக்கே சொன்னேன்," என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி.

"நீ சும்மா இரு! நான் என்ன ஏமாத்துக்காரனா? ஏமாத்தறவங்களை எனக்குத் தெரியும் மேடம். 'நான்தான் அந்த நடிகர், ஓசியில ஒரு ஜோடி அனுப்பு'ன்னு வாரத்துக்கு நாலு பேர் மெசேஜ் போடறாங்க. முழுசாக்கூடப் படிக்க மாட்டேன். நறுக்குன்னு ஒண்ணு கேட்டுட்டு பிளாக் பண்ணிடுவேன்."

 வக்கீலம்மா கோப்பிலிருந்து ஒரு தாளை உருவி நகர்த்தினார்.

"நோட்டீசுக்கு ஒரு மாசம் முன்னாடி, அவங்க சொந்த நம்பர்லேருந்து உங்க கடைக்கு அனுப்பினது."

மனைவிதான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள்.

'வணக்கம். நீங்க படம் போட்டிருக்கீங்களே, அந்தப் பாடகிதான் எழுதறேன். கோபத்துலதான் ஒரு ஜோடி வாங்கினேன். நேத்து மூணு மணி நேரம் மேடையில நின்னேன், குதிகால் வலிக்கவே இல்ல. பேரை வெச்சுக்குங்க. காசு வேண்டாம். முறைப்படி ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக்கலாமா?'

செருப்புக்காரரின் குரல் இறங்கிவிட்டது.

"இப்பவாவது... அவங்ககிட்ட நீங்க ஒரு வார்த்தை..."

"கேட்டுப் பார்த்துட்டேன். 'அந்தப் பதிலுக்கு அப்புறமுமா?'ன்னாங்க."

மனைவி அடுத்த வரிக்கு வந்தாள். அது செருப்புக்காரர் தன் கையால் தட்டி அனுப்பிய பதில்.

'அடுத்தவங்க பேரைச் சொல்லிப் பொழைக்கறியே, வெட்கமா இல்ல உனக்கு?'