காது மடங்கிய முயல்

“முயல்தான். ஒரு காது மட்டும் மடங்கியிருக்கு, பாரு,” என்றார் கட்டிலில் கிடந்த கணவர், கூரையைக் காட்டி.

பக்கத்தில் படுத்திருந்த மனைவி கண்ணை இடுக்கிப் பார்த்தாள். போன வார மழையில் ஊறிய கறை. எப்படிப் பார்த்தாலும், குனிந்து இரை பொறுக்கும் வாத்துதான்.

“எனக்கு வாத்துதாங்க தெரியுது.”

“சின்ன வயசுல முயல் வளர்த்தவன் நான். எனக்குத் தெரியாதா?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. முயல் வளர்த்தவருக்கு மேகத்திலும் முயல்தானே தெரியும்.

பாவம், இரண்டு மாதம் முன்பு மாடிப்படியில் விழுந்து இடுப்புக்குக் கீழே மரத்துப்போனதிலிருந்து இந்தக் கூரைதான் அவருக்கு உலகம். அவளுக்கும்தான். சாயப்பட்டறையிலிருந்து அடித்துப்பிடித்து ஓடி வருவாள். துடைத்துவிடுவாள், புரட்டிப் படுக்க வைப்பாள். சில நாள் மூச்சு முட்டும்.

போன் அடித்தது. சாயப்பட்டறை முதலாளி. குரல் விட்டுவிட்டுக் கேட்டது.

“வெளியூர் யூனிட்டை நீதாம்மா பார்த்துக்கணும். இன்னிக்காவது பதில் சொல்லு. இல்லேன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்.”

“கொஞ்ச நேரத்துல கூப்பிடறேன் சார்.”

கணவர் விழுந்த வாரம்தான் முதலாளி இதை முதலில் கேட்டார். அவளும் இன்றுவரை இழுத்தடித்துக்கொண்டிருந்தாள்.

“போயேம்மா. நான் எப்படியாவது சமாளிச்சுக்கறேன்.” என்றார் கணவர், கூரையைப் பார்த்தபடி.

அவள் வெகுநாளாய் ஆசைப்பட்ட வேலை. ஆனால் இந்த நிலையில் இவரை விட்டுவிட்டு எங்கே போவது? முடியாது என்று சொல்லிவிட எழுந்தாள்.

கட்டிலருகே சிக்னல் சரியாகக் கிடைக்காது. கால்மாட்டைத் தாண்டி ஜன்னலோரம் போய், திரும்பி நின்று, எண்ணை அழுத்தினாள். மணி போய்க்கொண்டிருக்கும்போது சும்மா அண்ணாந்தாள்.

வாத்து தலைகீழாகியிருந்தது. திறந்த அலகின் இரண்டு பாதியும் இப்போது காதுகள். படுக்கையிலிருந்து பார்க்கும்போது உத்தரம் மறைத்திருந்த இடத்தில், ஒரு காதின் நுனி அழகாக மடங்கிக் கிடந்தது.

அவள் அவர் தலை கிடந்த தலையணையைப் பார்த்தாள். மறுபடி கூரையைப் பார்த்தாள்.

“என்னம்மா முடிவு பண்ணினே?” என்றார் முதலாளி.

“நாளைக்கே கிளம்பறேன் சார்.”

போனை வைத்துவிட்டுக் கணவரிடம் மெதுவாகக் கேட்டாள்.

“ஜன்னல் வரைக்கும் எப்பங்க எழுந்து வந்தீங்க?”