நீளமான படமாப் பாருங்க

"அது வேண்டாம், சீக்கிரம் முடிஞ்சிரும். நீளமான படமாப் பாருங்க" என்றாள் மனைவி.

தியேட்டர் வாசலில் மாட்டியிருந்த போஸ்டர்களை அவர் மறுபடியும் அண்ணாந்து பார்த்தார். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று துணி விரித்துக் காட்டிவிட்டு நேரே இங்கே வந்திருந்தார். கால் இரண்டும் கெஞ்சின. எந்தப் படமாக இருந்தால் என்ன என்றிருந்தது.

"இது பேய்ப் படம் போல. இதையே வெச்சுக்கலாமா?"

"இந்த வயசுல நமக்கு எதுக்குங்க பேயும் பிசாசும்?"

மகனுக்குக் கல்யாணமான கையோடு பெற்றவர்களுக்குச் சினிமாப் பைத்தியம் பிடித்துவிட்டதாக அக்கம்பக்கத்தில் பேச்சு. "அடுப்படிய மருமக தலையில கட்டிட்டு அம்மா ஜோரா கிளம்பிடறாங்க" என்று எதிர்வீட்டுக்காரி காதுபடவே சொன்னாள். மனைவி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவருக்கு வேறு கவலை. அந்த ஒற்றை அறை வீட்டில் மகனும் மருமகளும் முகம் கொடுத்துப் பேசி அவர் பார்த்ததில்லை. இப்படியே போனால் அந்தப் பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விடுவாளோ என்று பயந்தார்.

"போன வாரம் மாதிரி மானத்தை வாங்கிடாதீங்க" என்றாள் மனைவி.

போன வாரம், படம் எப்படி என்று மருமகள் கேட்டாள். ஹீரோ கடைசியில் செத்துப்போனான் என்று இவர் சொல்ல, அவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று அதே நேரத்தில் மனைவி சொல்லிவிட்டாள். "உங்க மாமா பாதியிலேயே தூங்கிட்டாரும்மா" என்று சமாளித்தாள். மருமகள் அந்த வீட்டில் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். மகனும் கூடச் சேர்ந்து சிரித்தான்.

"இந்தக் குடும்பப் படம் மூணு மணி நேரமாம். ஓடாத படம்னு கடையில சொன்னாங்க."

"ஓடாட்டி என்ன? இதேதான்" என்றாள் மனைவி. அவள் முகத்தில் அப்போதுதான் ஒரு நிம்மதி வந்தது.

உள்ளே மணி அடித்தது. வாசலில் நின்ற கூட்டம் முண்டியடித்துக்கொண்டு நுழைந்தது. மனைவி சாலையைக் கடந்து, எதிரே இருந்த பஸ் ஸ்டாப் பெஞ்சில் பழைய செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தாள். அவரும் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மூணு மணி நேரம் இந்தக் கட்டையிலயா? இன்னிக்கு ஒரு நாளாவது உள்ள போய் மெத்துனு உட்கார்ந்து பாத்தா என்னடி?"

மனைவி அவர் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"வாராவாரம் டிக்கெட் எடுக்கற வசதி இருந்தா, இன்னொரு ரூம் இருக்கற வீட்டுக்கே போயிருக்கலாமேங்க!"