பேச்சுத் துணை

டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்ற அம்மாவுக்கு, வெளியூரில் இருந்த மகன் பகுதி நேர வேலை ஒன்று பிடித்துக் கொடுத்தான். தனியாக இருக்கும் ஒரு பெரியவருக்கு மாலையில் பேச்சுத் துணையாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

காலம் முழுக்க அடுத்தவர் பேச லைன் கொடுத்தவளுக்கு இப்போது வாய் ஓயவில்லை. கணவரின் குறட்டை, அவர் போன பிறகு அடங்கிப்போன வீடு, எல்லாவற்றையும் கொட்டினாள். பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். சில சமயம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாவம்டா, என்னை விட்டா அவருக்கு யாரு இருக்கா?" என்று மகனிடம் பெருமையடித்தாள்.

ஒருநாள் பெரியவர் தயங்கினார். "நாளையிலேர்ந்து வராதீங்கம்மா."

"ஏன், ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?"

"ஐயோ, இல்லம்மா. கட்டுப்படியாகலைன்னு உங்க பையன் நிறுத்திக்கச் சொல்லிட்டாரு. நீங்க பேசறதைக் கேக்க எனக்குச் சம்பளம் கொடுத்ததே அவர்தான். உங்க சம்பளமும் அவர் அனுப்புனதுதான்."

"அப்போ... நீங்க சிரிச்சதெல்லாம்?"

அவர் பதில் சொல்வதற்குள் வாசலில் வேறொரு அம்மாள் உற்சாகமாகக் குரல் கொடுத்தாள்: "சார், பேச்சுத் துணை வேலைக்கு வரச் சொன்னாங்களே, இந்த வீடுதானே?"

"வாங்கம்மா, வாங்க! தனியா உட்கார்ந்து உட்கார்ந்து பைத்தியமே பிடிச்சிடும்போல இருக்கு" என்று அதே சிரிப்போடு எழுந்தார் பெரியவர்.