வயரில்லாமல் வந்த பதில்

“வயரைப் பிடுங்கிட்டேன். இன்னும் பதில் வருதே, எப்படிம்மா?”

மேனேஜர் ரவிசந்திரன் கழற்றிய வயரைக் கையில் பிடித்தபடி கேட்டார். ஔந்த் ஆபீஸின் லினக்ஸ் சர்வரில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள். ஒன்றின் முகவரி பத்தில் முடியும், மற்றது பதினொன்றில். அவர் பிடுங்கியது பதினொன்றை. பக்கத்துக் கம்ப்யூட்டரிலிருந்து பதினொன்றைக் கூப்பிட்டால், இரண்டு தடவை திணறிவிட்டு ஜம்மென்று பதில் வந்தது.

“ரெண்டும் ஒரே நெட்வொர்க்குல இருக்கு சார்,” என்றாள் கோதை. “லினக்ஸ்ல முகவரி கார்டுக்குச் சொந்தமில்லை, மெஷினுக்குச் சொந்தம். பதினொண்ணைக் கூப்பிட்டாலும், காதுல விழுந்த பத்து பதில் சொல்லிடும்.”

“அப்ப பதினொண்ணு செத்துக் கிடக்கறது வெளியில தெரியாது?”

“அதைத் தடுக்க செட்டிங் இருக்கு சார். போடாத வரைக்கும் தெரியாது.”

“அரே வா. இது தெரிஞ்சிருந்தா கடைக்காரன்கிட்ட ஒரு கார்டோட நிறுத்தியிருப்பேனே.” வாங்கிய சரக்கில் நொட்டை கண்டுபிடித்த திருப்தியோடு வயரை மேசையில் போட்டார்.

“ஆள் விஷயமும் அப்படித்தான்,” என்று தொடர்ந்தார். “சிஸ்டம்ஸ் வேலைக்கு ஒருத்தர் போதும்னு பம்பாய் ஹெட் ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. நீயா, பிம்ப்ரி ஃபாக்டரியில இருக்கற விச்சுவான்னு இன்னிக்கு நான் எழுதணும்.”

“நாலு வருஷமா இருக்கேன் சார்.”

“தெரியும். ஆனா ஒரு மாசமா கவனிக்கறேன். விச்சுவுக்கு மெயில் போட்டா அஞ்சே நிமிஷத்துல பதில். நீ எதிர் ரூம்ல இருக்கே, உன் பதில் வர சாயங்காலம் ஆயிடுது. மத்தியானம் சீட்டுலயும் இருக்கறதில்லை.”

“வேலை முடிஞ்சிடுதே சார்?”

“முடியுது. ஆனா கூப்பிட்ட குரலுக்கு வர்றவனைத்தானே வச்சுக்க முடியும்? நம்பலையா, உன் முன்னாலயே போடறேன், பாரு.”

விச்சுவுக்கு ஒரு வரி தட்டி அனுப்பிவிட்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றி எதிரே வைத்துக்கொண்டார். கோதை நின்றபடியே இருந்தாள்.

ஐந்து நிமிடம் போனது. பத்தும் போனது. ரவிசந்திரன் மவுஸைத் தட்டிப் பார்த்தார்.

“என்னாச்சு இவனுக்கு?”

“விச்சு காமாலையில படுத்து ஒரு மாசம் ஆச்சு சார். லீவு தீர்ந்துபோச்சுன்னு அழுதான். மத்தியானம் நான் பிம்ப்ரிக்கு ஓடறது அவன் வேலைக்குத்தான். என்னை சீட்டுக்குப் போக விட்டீங்கன்னா, அஞ்சு நிமிஷத்துல அவன் பதில் வந்துடும்.”