நெட் டச்

விசில் கிழித்தது. "நெட் டச்!" என்று திரௌபதி அக்கா கையை நீட்டினாள்.

மைதானமே கத்தியது. மறுபடியும் சமன்.

ரோட்டில் மேஸ்திரி அருணகிரியின் வேன் இன்ஜினை அணைக்காமல் நின்றது. ஆந்திரா காட்டுக்குத் திருட்டுச் செம்மரக் கட்டை வெட்ட ஆள் ஏற்றுகிற வேன். என் மகன் கோகுல்ராஜின் பை ஏற்கெனவே அதில் ஏறிவிட்டது.

ஆட்டம் முடிந்ததும் அவனும் ஏறுவான்.

நானும் செங்கல் சூளை, எஸ்டேட் என்று ஊர் ஊராய்ப் போய் முதுகு தேய்ந்தவன்தான். வேலைக்குப் போகிறதுக்கு நான் பயப்படவில்லை. இது வேற, போலீஸ் துப்பாக்கிக்கு முன்னால் நிற்கிற வேலை. நேற்றெல்லாம் கெஞ்சினேன். வாக்குக் கொடுத்துட்டேன்பா, இப்போ வரலைன்னா பயந்தவன்னு பேர் வரும் என்றான்.

இன்று தொன் போஸ்கோ திருநாள். ஜமுனாமரத்தூர் பக்கத்தில் எங்கள் ஊர் சர்ச் மைதானத்தில் வருஷா வருஷம் வாலிபால் நடக்கும். விசில் திரௌபதி அக்காவுடையது. ஹாஸ்டலில் சமைக்கிறவள். ஞானஸ்நானம் வாங்கியும் பழைய பேரே ஒட்டிக்கொண்டது. கழுத்தில் செபமாலை, அதோடு சேர்ந்து தொங்குகிற விசில்.

அவள் ஊதினால் ஊதினதுதான். ஒரு தடவை ஃபாதர் ஆடின டீமுக்கே எதிராகப் பாயிண்ட் கொடுத்தாள். ஃபாதர் தலையைச் சொறிந்துகொண்டு தள்ளி நின்றார்.

மத்தியானம் நான் கம்பத்துக்கும் வலையின் மேல் கயிற்றுக்கும் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்தேன். பனி மூட்டத்தில் கயிறு தெரிய வேண்டுமே. அப்போதுதான் அவளிடம் கேட்டேன். இருட்டுறதுக்குள்ள வேன் மலை இறங்கியாகணும், அதுவரைக்கும் பொய்யா விசில் ஊதி ஆட்டத்தை இழுத்துடு அக்கா.

வேறு யாரிடமும் கேட்டிருக்க மாட்டேன். அவள் கூடப் பிறந்தவன் இதே மாதிரி வேனில் போனவன். திரும்பவில்லை.

அவள் சர்ச் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். கறுப்பு அங்கி போட்ட தொன் போஸ்கோ, சுற்றிலும் பையன்கள்.

"பொய் விசில் ஊத மாட்டேன் தம்பி. அவரு கயித்து மேல நடந்து காட்டி பசங்கள இழுத்தாரு. பொய் சொல்லி இல்ல. நான் செபம் பண்றேன், நீ போ."

செபம் பண்ணினால் வேன் நிற்குமா? எனக்கு எரிச்சல்தான் வந்தது. அவள் சாமியை நான் கும்பிடுகிறவனும் இல்லை.

ஆனால் இப்போது ஊதுகிறாளே!

ரெண்டு பாயிண்ட் முன்னால் போனால்தான் ஜெயிப்பு; கை வலையில் பட்டால் பாயிண்ட் எதிர் டீமுக்கு. கோகுல் டீம் ஒரு பாயிண்ட் முன்னால் போகும். அவன் வலைக்கு எகிறுவான். விசில். சமன்.

எதிர் டீம் ஒரு பாயிண்ட் முன்னால் போகும். அடுத்த பந்தை அவனே ஓங்கி அடித்துச் சமன் செய்வான்.

திரும்ப ஒன்று முன்னால். திரும்ப எகிறுவான். விசில்.

மூட்டத்தில் எங்களுக்கு எதுவும் சரியாகத் தெரியவில்லை.

"யக்கா, கண்ணாடி போட்டுனு வா!" என்று ஒருத்தன் கத்தினான்.

"நீ மொதல்ல லுங்கிய ஒழுங்கா கட்டுடா!"

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. விசில் வாயில் இல்லாத நேரமெல்லாம் அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

யார் பெற்ற பிள்ளைக்காகவோ இந்தப் பொம்பளை தன் சாமிக்கு முன்னால் பொய்க்காரியாய் நிற்கிறாளே.

வேன் ஹாரன் அடித்தது. பிறகு நீளமாக அடித்தது. அருணகிரி இறங்கி வந்து கோட்டருகில் நின்றார்.

"டேய் கோகுலு, வர்றியா இல்லியா?"

"சமன்ல நிக்குது மேஸ்திரி," என்றான் கோகுல், திரும்பாமலே. "பாதியில வுட்டுட்டு வந்தா மானம் போய்டும்."

அருணகிரி வாய்க்கு வந்தபடி திட்டினார். அவன் பையை எடுத்துப் புளியமரத்தடியில் வீசினார். வேன் வளைவில் இறங்கி மறைந்தது. அதற்குள் இருந்தவர்கள் யார் பெற்ற பிள்ளைகளோ.

அடுத்த பந்துக்குக் கோகுல் எகிறினான். விசில் இல்லை. அதற்கடுத்ததுக்கும் இல்லை. ஜெயித்துவிட்டார்கள்.

நான் அவளிடம் போய்க் கையெடுத்துக் கும்பிட்டேன். "என்னால உனக்குப் பாவம் வந்துடுச்சே அக்கா."

விசிலை முந்தானையில் துடைத்துக்கொண்டே என்னை முறைத்தாள்.

"இன்னா பாவம்? அவன் தொட்டான், நான் ஊதினேன். போய் உன் புள்ள கையப் பாரு."

கோகுல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். "வூட்டுக்குப் போலாம்பா," என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவன் விரல் முட்டியெல்லாம் வெள்ளை. நான் கயிற்றில் பூசின சுண்ணாம்பு, பனியில் இன்னும் ஈரம் காயாமல்.