நாற்காலிக்குச் சாத்திய சேலை

மகளைக் கிணற்றில் தள்ளிய வழக்கில் சாட்சி இல்லாமல் விடுதலையான மாசிலாமணிக்குத் தூக்கம் போய்விட்டது. மனநல ஆலோசகர் சுகுணா ஒரு காலி நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டாள். இறந்தவரோடு பேசவைத்தால் உள்ளே உறைந்திருப்பது உடையும் என்று அவள் படித்திருந்தாள்.

“உங்க பொண்ணு இதுல உட்கார்ந்திருக்கா. பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுங்க.”

அவர் எழுந்து போய்விட்டார். மறுவாரம் ஒரு பையோடு வந்தார். அதிலிருந்து சிவப்புச் சேலையை எடுத்துக் கொசுவி அந்த நாற்காலிக்குச் சாத்தினார். கைப்பிடியில் கண்ணாடி வளையல்களை மாட்டினார்.

“எங்க வம்சத்துல இப்படிப் போன பொண்ணுங்க எல்லாம் சாமிதாம்மா. குலத்தைக் காக்கும்.”

“அவ சாமி இல்லை, நீங்க பெத்த பொண்ணு. பேரைச் சொல்லுங்க!” சுகுணா கத்திவிட்டாள்.

அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “சாமியைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாதும்மா. கன்னியம்மான்னுதான் சொல்லணும்.”

நாற்காலியின் முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. பதறிப்போய் அவள் குனிந்து பார்த்தாள். மெல்லிய குறட்டை கேட்டது. குழந்தையைப் போலத் தூங்கிக்கொண்டிருந்தார்.

சுகுணா தன் மகனுக்கு முதல் மொட்டை போட்டதும் ஒரு கிணற்றடியில்தான், குலதெய்வமான கன்னியம்மாவின் முன்னால். அவள் வெளியே வந்து அம்மாவுக்குப் போன் செய்தாள்.

“நம்ம கன்னியம்மாவுக்குப் பெத்தவங்க என்னம்மா பேரு வச்சிருந்தாங்க?”

மறுமுனையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அம்மா போனை வைத்துவிட்டாள்.